ராத்திரி இரண்டு மணிக்கு யாரை முதலில் கூப்பிடுவது: வார்டனையா, 108-ஐயா?

ஹாஸ்டலில் சேர்ந்த அன்று கொடுக்கும் விதிப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும். கேட் எத்தனை மணிக்கு மூடும், அவுட்பாஸில் யார் கையெழுத்து வேண்டும், அறையில் கெட்டில் வைத்திருந்தால் எவ்வளவு அபராதம், எல்லாம். பக்கத்துக் கட்டில் பையன் நடுராத்திரியில் மூச்சு வாங்க முடியாமல் தவித்தால் முதல் போன் யாருக்கு என்பது மட்டும் இருக்காது. இருந்தாலும், "வார்டனிடம் தெரிவிக்கவும்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் கல்லூரி விடுதியில் இருப்பவருக்கு வழிகள் குறைவில்லை. கல்லூரியின் ஹெல்த் சென்டர் இருக்கிறது, 108 இருக்கிறது, கேட்டுக்கு வெளியே ஆட்டோ இருக்கிறது, போலீஸை அழைக்க அவசர எண் 112 இருக்கிறது, புகார் குழுக்கள் இருக்கின்றன, மனநல உதவி எண்கள் இருக்கின்றன. எதற்கு எதைப் பிடிப்பது என்பதில்தான் குழப்பம். எனக்குத் தெரிந்தவரை இரண்டு கேள்விகள் போதும். இந்தப் பிரச்சினை எவ்வளவு நேரம் தாங்கும்? நான் முதலில் சொல்லப்போகும் ஆள், நாளைக்கு யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கசப்பானது. வார்டன்களில் நல்லவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு வார்டன் பிரின்சிபாலுக்கும் பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர். யாரையும் கேட்காமல் ஒரு பையனை வெளியே அனுப்பினால் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும், அதனால் மேலே ஒரு போன் போடுவார். அவர் இன்னொருவருக்குப் போடுவார். 108-க்குப் போன் எடுப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

ஹெல்த் சென்டர் எதுவரை?

பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வளாகத்துக்குள்ளேயே மருத்துவமனை இருக்கிறது. பல கல்லூரிகளில் ஹெல்த் சென்டர் என்பது ஒரு நர்ஸ், இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி. டாக்டர் சாயங்காலம் வந்து போவார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்ன வெட்டு, லேசான வீசிங் போன்றவற்றுக்கு இதுவே சரியான இடம். காசு இல்லை, பக்கம், உங்கள் பழைய சீட்டும் அங்கேயே இருக்கும். இதற்கெல்லாம் பெரிய மருத்துவமனை கேஷுவால்டியில் போய் உட்கார்ந்தால் நாள் முழுக்கப் போகும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே யார் இருக்கிறார்கள்? கல்லூரி ஆம்புலன்ஸின் டிரைவர் ராத்திரி வளாகத்தில் தூங்குகிறாரா, வீட்டுக்குப் போய்விடுகிறாரா? அந்த வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் போட்ட வேன்தானா? கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் ஒரு சங்கடமான சிரிப்புத்தான் பதிலாக வரும்.

ஹெல்த் சென்டரை நம்புவதில் ஒரு பொறி உண்டு, மழைக்காலத்தில் இது முக்கியம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. மூன்று நாள் பாராசிட்டமால் வாங்கிச் சாப்பிட்டு, நான்காம் நாள் ஜுரம் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று வகுப்புக்குக் கிளம்புவார்கள். அப்போது விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு இதில் எது வந்தாலும் ஹெல்த் சென்டரைத் தாண்டி நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடையில் யாராவது உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் என்று நீட்டினால் வாங்காதீர்கள். ரத்தக் கசிவு கூடும்.

கேட் என்னும் தடை

நான் படித்த காலத்தில் எங்கள் பிளாக்கில் ஒரு பையனுக்குச் சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தது. மெஸ் சாம்பார் மேல் பழி போட்டோம். யாரோ ஜெலுசில் கொடுத்தார்கள். நடுராத்திரியில் வலி வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை, இருமினால் துடிக்கிறான். வார்டன் போன் ஸ்விட்ச்டு ஆஃப். கைத்தாங்கலாகக் கேட்டுக்குக் கூட்டிப் போனால் செக்யூரிட்டி அண்ணன் கையை விரித்தார்: "லெட்டர் இல்லாம திறந்தா என் வேலை போயிடும் தம்பி." அவரைச் சொல்லிக் குற்றமில்லை, உண்மையாகவே போயிருக்கும். அப்போது ஒருவன் 108-ஐக் கூப்பிட்டான். வண்டி விளக்கோடு வந்து நின்றதும் அதே அண்ணன் ஒரு கேள்வி கேட்காமல் கேட்டைத் திறந்தார், ரெஜிஸ்டரில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். குடல்வால் அழற்சி. விடிவதற்குள் ஆபரேஷன் முடிந்தது.

108-க்கும் ஆட்டோவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த கேட்டில்தான் பார்த்தேன். ஆம்புலன்ஸ் தனக்கான அவுட்பாஸைத் தானே கொண்டுவருகிறது. வளாகத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு, ஆட்டோ சீக்கிரம் வரும் என்பதைவிட இது பெரிய விஷயம்.

வலி என்று வந்ததால் பையன்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விதையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் காப்பாற்றிவிடலாம், நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். வெட்கப்பட்டுக் காலை வரை படுத்திருப்பவர்கள்தான் அதிகம். வார்டனிடம் "வயிற்று வலி" என்றே சொல்லிக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் உள்ளதைச் சொன்னால் போதும்.

108-ஆ, ஆட்டோவா?

108 தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது, முழுக்க இலவசம். கூப்பிட்டதும் இடம், அடையாளம், என்ன ஆயிற்று, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று கேட்பார்கள். பதற்றத்தில் "ஏன் சார் இவ்வளவு கேள்வி, சீக்கிரம் அனுப்புங்க" என்று கத்தத் தோன்றும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அந்தக் கேள்விகள்தான் வண்டியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகின்றன. பிறகு வண்டியிலிருந்து நீங்கள் பேசிய அதே எண்ணுக்கு அழைப்பு வரும். அதனால் சார்ஜ் இருக்கும் போனிலிருந்து பேசுங்கள், சைலண்டில் போடாதீர்கள். கல்லூரிக்கு நான்கு கேட் இருந்தால் எந்த கேட் என்று சொல்லி, ஒருவரை அங்கே டார்ச்சோடு நிறுத்துங்கள். நெடுஞ்சாலையிலிருந்து கேட் வரை சீக்கிரம் வந்த வண்டி, "சி பிளாக் எங்கே" என்று வளாகத்துக்குள் சுற்றுவது சாதாரணம்.

நினைவில்லை, மூச்சுத் திணறல், வலிப்பு நிற்கவில்லை, மாடியிலிருந்து விழுந்தார், பைக்கில் அடிபட்டுக் கழுத்திலோ முதுகிலோ வலி: இவற்றுக்கு 108 தவிர வேறு யோசனையே வேண்டாம். நினைவிழந்தவரை பைக்கில் நடுவே உட்கார வைத்து, பின்னால் ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு, ட்ரிபிள்ஸ் போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அன்பில் செய்வதுதான். ஆனால் தலை தொங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும், முதுகெலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு பயணமே அவரை ஆயுசுக்கும் படுக்க வைத்துவிடும்.

நடக்க முடிகிறது, பேசுகிறார், மருத்துவமனை பக்கத்தில் என்றால் ஆட்டோவே மேல். நாய்க்கடி இதற்கு நல்ல உதாரணம், வளாக நாய்கள் இல்லாத கல்லூரி ஏது? கிளம்புவதற்கு முன் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும், இரண்டு நிமிடத்திலேயே 15 நிமிடம் ஆனதுபோல் தோன்றும். அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தெருமுனைக் கிளினிக்குகளில் அது இருப்பது அரிது. பெரிய அரசு மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

தனியாரா, ஜி.எச்.-ஆ?

வீட்டில் கேட்டால் பாதிப் பேர் "நல்ல ஆஸ்பத்திரியா பாத்துப் போ" என்பார்கள். அதற்கு அர்த்தம் தனியார். பல நோய்களுக்கு அது சரியாகவே இருக்கலாம். சுத்தமான படுக்கை, வேகமான ஸ்கேன், அட்டெண்டருக்கு நாற்காலி. கல்லூரிக் கட்டணத்தோடு குரூப் இன்ஷூரன்ஸ் பிடித்திருந்தால் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் கேஷ்லெஸ் கிடைக்கும். ஆனால் ராத்திரியில் அட்வான்ஸ் கட்டச் சொல்லும்போது ஜி-பேயில் ஆளுக்கு ஐநூறு என்று திரட்டும் நிலைமையும் அங்கேதான் வரும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவருக்குப் போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் முதல் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது; அது தனியார் மருத்துவர்களுக்கும் பொருந்தும். "இது போலீஸ் கேஸ், எடுக்க மாட்டோம்" என்றால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

சில விஷயங்களில் ஜி.எச். தான் முதல் இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாம்புக்கடி அதில் முதன்மை. ஊருக்கு வெளியே ஏரிக்கரை, புதர்க்காடு பார்த்துக் கட்டிய கல்லூரிகளில் இது கற்பனை ஆபத்து இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பைத் தேடி அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. அந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், அங்குள்ள டாக்டர்களுக்கு அதைப் போட்டுப் பழக்கமும் அதிகம். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். சும்மா வைத்திருக்கிறார்களே என்று நினைக்காதீர்கள், அதுதான் சோதனை. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டு போங்கள்.

கட்டுவிரியன் தனி ரகம். தரையில் பாய் போட்டுத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும், வலியே இருக்காது, பல்பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்து, கண் இமை தானாகக் கீழே இறங்கி, பேச்சுக் குழறினால், ராத்திரி தண்ணி அடித்திருப்பான் என்று முடிவு கட்டி விட்டுவிடாதீர்கள். மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம், வென்டிலேட்டர் இருக்கும் இடம் வேண்டும். 108-இல் பேசும்போதே "பாம்புக்கடியாக இருக்கலாம்" என்று சொன்னால் அதற்கேற்ற மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள்.

சாலை விபத்துக்கும் கணக்கு வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. ஆந்திராவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து படிக்கும் நண்பர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கும் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும், உதவி செய்தவரை அவர் விருப்பமில்லாமல் சாட்சியாக்கி அலைக்கழிக்க முடியாது என்கின்றன.

ஜி.எச். கேஷுவால்டி பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். பெரிய அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். உங்களைப் பச்சையில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் வந்தவரை முதலில் பார்த்தால் அது நல்ல செய்தி.

பாதுகாப்பு என்று வந்தால்

உடம்புக்கு வந்ததில் கல்லூரி கொஞ்சம் மெத்தனமாக இருக்கும், அவ்வளவுதான். தாக்குதல், சீண்டல், ராகிங் என்றால் கல்லூரிக்கே அதில் ஒரு அக்கறை உண்டு: பெயர் கெடக்கூடாது. "முதல்ல நாங்க விசாரிக்கிறோம்மா, அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதே" என்ற வாக்கியம் எத்தனை கல்லூரிகளில் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும்!

2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். விஷயம் உடனே காவல்துறைக்குப் போனது, இரண்டு நாளுக்குள் ஆள் பிடிபட்டான், 2025 மே மாதம் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, ஜூனில் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. கல்லூரி விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் இந்த வேகம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அதே வழக்கில் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து மாணவியின் விவரங்கள் வெளியானதும் நடந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. போலீஸ் வழி முழுக்கப் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த நேரத்துக்கு அதுதான் வழி.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார் குழுவை மட்டமாகச் சொல்லவில்லை. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம், 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். மார்க்கைப் பிடித்துக்கொண்டு மிரட்டும் கைடு (ஆராய்ச்சி வழிகாட்டி), விடாமல் மெசேஜ் அனுப்பும் சீனியர் போன்றவற்றில் போலீஸைவிட இந்தக் குழு உதவலாம். தேர்வுத் தாள் திருத்துபவரை மாற்றுவது, எதிராளியை உங்கள் பக்கம் வராமல் விலக்கி வைப்பது எல்லாம் கல்லூரியால்தான் முடியும். ஆனால் அது ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி வராது. குழுவில் புகார் கொடுத்திருப்பது போலீஸுக்குப் போகத் தடையும் இல்லை, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

ஆபத்து இப்போது, இந்த நிமிடம் என்றால் 112. 'காவல் உதவி' செயலியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உங்கள் இருப்பிடமும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். ஆட்டோவில் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இது 112-ஐவிட நல்லது. பெண்களுக்கான 181 வேறு மாதிரி. அடுத்து எங்கே போவது, யார் துணைக்கு வருவார், தங்க இடம் உண்டா என்று கேட்க அது பொருத்தமான எண். 'இது எங்க எல்லை இல்லை' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எப்.ஐ.ஆர். எந்த நிலையத்திலும் பதிய வேண்டும், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது எழுத்திலேயே இருக்கிறது.

பாலியல் தாக்குதல் என்றால் போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்னரே மருத்துவமனைக்குப் போய்விடலாம். அரசோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்; மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் போட்டால்தான் நல்லது. குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போனால் தடயம் கிடைக்கும். குளித்துவிட்டீர்களா, பரவாயில்லை, அப்போதும் போங்கள்.

ராகிங் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இன்று தேசிய எண் 1800-180-5522. உங்கள் அறைத் தோழரோ அப்பாவோகூட உங்களுக்காகப் புகார் கொடுக்கலாம். குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எப்.ஐ.ஆர். போட வேண்டியது கல்லூரித் தலைவரின் கடமை என்று யூ.ஜி.சி. விதி சொல்கிறது. ஆன்லைன் மிரட்டல், பணம் பறிப்பு என்றால் 1930. பணம் போன உடனேயே கூப்பிட்டால்தான் கணக்கை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு.

மனசு தாங்காதபோது

கல்லூரி கவுன்சலரிடம் போகத் தயங்கும் காரணம் எல்லோருக்கும் தெரியும்: வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ. எல்லா இடத்திலும் இந்தப் பயம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. வாரா வாரம் உட்கார்ந்து பேச கவுன்சலர் நல்லவர். நேரில் பார்க்கிறார், தேர்வு நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுதுவார். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும்போது கல்லூரியோடு சம்பந்தமே இல்லாத குரல் எளிது. 14416 மத்திய அரசின் டெலி மானஸ், எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104-லும் ஆலோசனை உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. அங்கே அறிவுரை சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். அதுவே சிலருக்கு வேண்டியிருக்கும்.

நண்பராக நீங்கள் செய்ய வேண்டியது, தனியாக விடாமல் பக்கத்தில் இருப்பது. எதையாவது விழுங்கியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால் உதவி எண்ணெல்லாம் வேண்டாம், 108 மட்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடவே கூடாது. சில விஷங்கள் ஒரு நாள் முழுக்க ஒன்றும் காட்டாமல் இருந்து பிறகு கல்லீரலைத் தாக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாக்கெட்டோ பாட்டிலோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

வார்டனுக்கு எப்போது சொல்வது?

சொல்லத்தான் வேண்டும். 108-க்கு ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வார்டனுக்குப் போன் போட்டுவிடலாம். "சார், போகலாமா?" என்று கேட்காமல், "சார், வண்டி வருது, இந்த ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று தகவலாகச் சொல்லுங்கள். எடுக்கவில்லையா, வாட்ஸ்அப்பில் நேரத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் விசாரணை என்று வந்தால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

கூடப் போகிற நண்பர்கள் இரண்டு பேர் போதும், எட்டுப் பேர் வேண்டாம். ஒருவர் உள்ளே, ஒருவர் மருந்துச் சீட்டுக்கு. நோயாளியின் ஆதார், இன்ஷூரன்ஸ் அட்டையின் போட்டோ, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை உண்டா என்ற தகவல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. "சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்" என்று கேட்டால் கலங்க வேண்டாம். 18 வயது முடிந்தவர் நினைவோடு இருந்தால் அவர் கையெழுத்தே போதும். நினைவில்லாமல் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால், அம்மா அப்பா திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வரும்வரை டாக்டர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவர்களை வீட்டாரிடம் நேராகப் பேச விடுங்கள்.